கொட்டகைக்கு ஆள் வைக்கும்போது

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில், வீட்டுப் பணியாளர் என்றால் யார் என்று விளக்கும் இடத்தில் ஒரு பட்டியல் வருகிறது. சமையற்காரர், தோட்டக்காரர், சலவை செய்பவர், காவலாளி, குழந்தையைப் பார்த்துக்கொள்பவர், வீட்டுக்காரரின் சொந்தக் காரை ஓட்டுபவர் என்று போகும் அந்தப் பட்டியலில் குதிரைக்காரரும் இருக்கிறார். இன்று பெட்ரோனாஸ் கோபுரங்கள் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் குதிரைகள் ஓடின. 1896இல் தொடங்கிய சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் பந்தயத் திடல் அது. கிளப் சுங்கை பீசிக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. குதிரைக்காரர் மட்டும் சட்டப் பட்டியலைவிட்டு நகரவில்லை.

பட்டியலில் பெயர் இருப்பதால் அவருக்கு நன்மை அதிகம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணை, வேலை நேரம், ஓய்வு நாள், பொது விடுமுறை, ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு, மகப்பேறு விடுப்பு, பணிநீக்க உதவித்தொகை ஆகிய அத்தனை பகுதிகளிலிருந்தும் வீட்டுப் பணியாளரை விலக்கி வைக்கிறது. குறைந்தபட்சச் சம்பள ஆணையும் அவருக்குப் பொருந்தாது. ஆகவே பெட்டாலிங் ஜெயாவில் ஒரு குடும்பம் தன் குதிரைக்கோ மாட்டுக்கோ ஆள் வைக்கும்போது, அந்த ஆளுக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்தக் குடும்பம் எழுதித் தரும் காகிதம்தான். இந்த அத்தியாயம் அந்தக் காகிதத்தைப் பற்றியது.

முதலில் இடம். பெட்டாலிங் ஜெயா 1950களில் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்தை வெட்டி எழுப்பிய ஊர். தோட்டமாக இருந்த நாளில் லயத்துக்குப் பின்னால் மாடு கட்டுவது சாதாரணம். இப்போதைய தொடர்வீட்டு வரிசையில் அதற்கு வழியில்லை. வீடு பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும். மாடு காப்பார், மேரு, சுங்கை பூலோ பக்கம் ஒரு துண்டு நிலத்தில் நிற்கும். நிலம் எந்த உள்ளூராட்சி மன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே விலங்கு வளர்க்க அனுமதி கேட்பதுதான் முதல் வேலை. ஆள் தேடுவது அதற்குப் பிறகு. அனுமதியில்லாத கொட்டகையை மன்றம் இடித்துவிட்டால், அந்த மாதச் சம்பளத்தை நம்பி வந்தவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளியே.

இடத்தில் இன்னொரு சிக்கலும் அடங்கியிருக்கிறது. சட்டம் சொல்லும் வீட்டுப் பணியாளர், ஒரு குடியிருப்பு வீட்டின் வேலையைச் செய்பவர். அந்த வீட்டில் முதலாளி நடத்தும் வியாபாரத்துக்கு வேலை செய்பவர் அல்லர். மாடு வளர்ப்பவர்களில் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இரண்டு கறவை மாடு, பால் வீட்டுக்கும் கோயில் அபிஷேகத்துக்கும் போக மிச்சம் அக்கம்பக்கத்தில் போத்தல் கணக்கில் விற்பனை என்று வந்துவிட்டால் அது வியாபாரம். குதிரையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஓட்டக் கொடுத்தாலும் அப்படித்தான். அப்போது கொட்டகையில் நிற்பவர் வீட்டுப் பணியாளர் இல்லை; முழு உரிமை பெற்ற தொழிலாளி. வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி உள்ள தனி நிலத்துக் கொட்டகையை ‘வீட்டு வேலை’ என்று வாதாடுவதும் எளிதல்ல. சந்தேகம் இருந்தால் அவரை முழுத் தொழிலாளியாகவே நடத்துங்கள். பின்னால் தொழிலாளர் இலாகாவில் வழக்கு வந்து, பழைய பாக்கியை மொத்தமாகக் கட்டுவதைவிட அது மலிவு. நியாயமும் அதுதான்.

அடுத்து, வேலையின் அளவு. ஆள் கேட்பவர்கள் பெரும்பாலும் “காலையில கொஞ்சம், சாயந்தரம் கொஞ்சம்” என்றுதான் சொல்வார்கள். அந்தக் கொஞ்சத்தை எடை போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்நூறு கிலோ குதிரை ஒன்று நாளொன்றுக்குப் பதினைந்திலிருந்து இருபத்தைந்து கிலோ வரை லத்தி போடும். அதை அள்ளி, ஈரமான மரத்தூளைப் பிரித்தெடுத்து, புதுத் தூள் பரப்ப வேண்டும். நானூறு கிலோ கறவை மாட்டுக்குப் பச்சைப்புல் மட்டும் நாற்பது கிலோ தேவை. நேப்பியர் புல்லை யாரோ வெட்டி, சுமந்து, நறுக்கிப் போட வேண்டும். நம் வெயிலுக்குக் கறவை மாடு அறுபது லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும். குழாய் எட்டாத கொட்டகையில் அது வாளிக் கணக்கு. இத்தனைக்கும் மேல் பால் கறத்தல், மடி கழுவுதல், குதிரையின் குளம்பைத் தூக்கிச் சுரண்டுதல், வியர்வை காய்வதற்குள் உடம்பைத் துடைத்துவிடுதல். இரண்டு மாடும் ஒரு கன்றும் இருக்கும் கொட்டகையில், பழகிய கைக்கே காலையில் இரண்டரை மணி நேரம், மாலையில் இரண்டரை மணி நேரம் ஆகும். நல்ல நாளில் ஆகும் நேரம் அது. மாடு ஈனும் இரவும் குதிரைக்கு வயிற்றுவலி வரும் இரவும் அதில் சேரவில்லை.

ஆள் வைப்பதற்கு முன் ஒரு வாரம் முதலாளி தானே இந்த வேலையைச் செய்து, மணி பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. என்ன சம்பளம் பேசுவது என்று அந்தக் குறிப்பைவிடத் தெளிவாக வேறு எதுவும் சொல்லாது.

இனி கணக்கு. 2025 ஆகஸ்ட் 1 முதல், எத்தனை பேரை வேலைக்கு வைத்திருந்தாலும், எல்லா முதலாளிகளும் மாதம் 1,700 வெள்ளிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 72 காசு. வாராந்தர வேலை நேரத்துக்கான உச்சவரம்பு 2023 ஜனவரி முதல் 45 மணி. நாளுக்கு ஐந்து மணி, வாரம் ஆறு நாள் என்றால் மொத்தம் முப்பது மணி. முழுநேர வேலை நேரத்தில் முப்பது விழுக்காட்டுக்கு மேலும் எழுபது விழுக்காட்டுக்குள்ளும் வேலை செய்பவர் பகுதிநேரத் தொழிலாளி என்கிறது 2010ஆம் ஆண்டு விதிமுறை. முப்பது மணி அதற்குள் அடங்கும். மணிக்கு 8.72 வீதம் கணக்குப் போட்டால் மாதம் ஏறக்குறைய 1,134 வெள்ளி.

அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டால் சட்டம் திருப்தியடையும். நல்ல ஆள் மூன்று மாதத்தில் போய்விடுவார். காரணம் எளிது. விடியற்காலை ஆறுக்கு வந்து எட்டரைக்குக் கிளம்புகிறவர் மறுபடி மாலையில் வர வேண்டும். நடுவில் உள்ள நேரத்தில் அவருக்கு வேறு நிரந்தர வேலை யாரும் தரமாட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்கு நாளுக்கு இரண்டு முறை பெட்ரோல் ஊற்ற வேண்டும். ஐந்து மணி வேலைக்காக அவருடைய முழு நாளும் கட்டிப்போடப்படுகிறது. இந்த வகை வேலைக்கு 1,400, 1,500 என்று பேசுவதே முறை. வீட்டுப் பணியாளர் என்ற வகையில் சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்தைக் கட்டாயப்படுத்தாவிட்டாலும், முழுநேரம் நிற்பவருக்கு 1,700க்குக் கீழே இறங்குவதை இந்நூல் எந்தக் குடும்பத்துக்கும் பரிந்துரைக்காது. 2022 ஏப்ரல் 1ஆம் தேதி மலேசியாவும் இந்தோனேசியாவும் ஜகார்த்தாவில் செய்துகொண்ட உடன்பாட்டில், இந்தோனேசிய வீட்டுப் பணிப்பெண்ணுக்கே 1,500 வெள்ளி அடிமட்டச் சம்பளமாக வைக்கப்பட்டது. 2022இல் வைத்த அந்தத் தொகையைவிடக் குறைவாக ஒரு முழுநேரக் கொட்டகைத் தொழிலாளிக்குப் பேசுவது எந்தக் கணக்கில் சேரும்?

இரண்டு வேளை வேலையில் இன்னொரு விதியும் குறுக்கே வரும். முழு உரிமை பெற்ற தொழிலாளியின் ஒரு நாள் வேலை, தொடக்கத்திலிருந்து முடிவு வரை, இடைவேளையையும் சேர்த்துப் பத்து மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்கிறது வேலைச் சட்டம். காலை ஆறரைக்கு வந்தவரை இரவு ஏழு மணிக்கு மறுபடி கறக்கச் சொன்னால், நடுவில் அவர் வீட்டில் தூங்கியிருந்தாலும் அந்த வரம்பு மீறப்படுகிறது. பால் விற்கும் கொட்டகைக்காரர்கள் இதற்கு இரண்டு வழிதான் வைத்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் கறந்து நாலு மணிக்குள் முடிப்பது ஒன்று. காலைக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர் என்று வைப்பது மற்றொன்று. மாட்டுக்குப் பன்னிரண்டு மணி இடைவெளி நல்லதுதான். அதற்காக மனிதனின் நாளை இழுத்து நீட்டக் கூடாது.

சம்பளத்தோடு நிற்காத செலவுகளும் உண்டு. மலேசியக் குடிமகனுக்கு மாதம் 1,700 கொடுத்தால், ஊழியர் சேமநிதிக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவுக்கு முதலாளி சுமார் 29 வெள்ளியும் தொழிலாளி சுமார் 8 வெள்ளியும் கட்ட வேண்டும். இரண்டையும் மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். 1,700 வெள்ளிச் சம்பளம் என்று பேசியவர் மாதம் 1,950க்கு மேல் எடுத்துவைத்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள். வீட்டுப் பணியாளருக்குச் சேமநிதி கட்டாயமில்லை; அவர் விரும்பிப் பதிந்துகொள்ளலாம். பதிந்துகொள்ளச் சொல்லி, முதலாளியின் பங்கையும் கட்டிக் கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வயதான காலத்தில் அந்தப் பணம்தான் பேசும்.

பெர்கேசோ அப்படியல்ல. 2021 ஜூன் 1 முதல் வீட்டுப் பணியாளர்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். உள்ளூர்க்காரரானாலும் வெளிநாட்டவரானாலும் பதிய வேண்டும். ஆனாலும் இன்னும் பல வீடுகளில் இது நடக்கவில்லை. கொட்டகை வேலையில் பெர்கேசோ இல்லாமல் ஒரு நாள்கூட ஆள் நிறுத்தக் கூடாது. குதிரையின் ஒரு உதை முழங்காலை நொறுக்கப் போதும். புல் நறுக்கும் இயந்திரத்தில் விரல் போனவர்களை மாடு வளர்க்கும் பகுதிகளில் காணலாம். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவத்தின் நகல் ஒன்றைக் கொட்டகைச் சுவரில் முன்கூட்டியே மாட்டி வைத்திருந்தால், பதற்றத்தில் தேட வேண்டியிருக்காது.

மூன்று நாலு வீட்டுக் கொட்டகைகளுக்குத் தன் சொந்தக் கருவிகளோடு சுற்றிவந்து வேலை செய்பவர் தொழிலாளி அல்லர், சுயதொழில் செய்பவர். அவருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சுயதொழில் காப்புத் திட்டம் இருக்கிறது. அதன் முதல் பிரிவுக்கான சந்தா மாதம் 13 வெள்ளி 10 காசு, ஆண்டுக்கு 157 வெள்ளி 20 காசு. அவரிடம் சந்தா கட்டிய ரசீது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வேலை கொடுங்கள். இல்லையென்றால் அந்த ஆண்டுத் தொகையை நீங்களே கட்டிக் கொடுத்தால்கூடத் தகும்.

ஆளை எங்கே தேடுவது? கிள்ளானில் மாட்டுத்தீவனம் விற்கும் கடைகளிலும் கால்நடை மருத்துவரிடமும் விசாரிப்பது மாட்டுக்காரர்களின் பழைய வழி. குதிரைக்குச் சுங்கை பீசி டர்ஃப் கிளப் வட்டாரமும் புக்கிட் கியாராவின் குதிரையேற்ற மையமும் கைகொடுக்கும். சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சி திடலில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்த பிறகு, பல ஆண்டு அனுபவமுள்ள கைகள் அந்தத் தொழிலிலிருந்து வெளியே வந்தன. அப்படிப்பட்டவர் கிடைத்தால் சம்பளத்தில் கணக்குப் பார்க்காமல் வைத்துக்கொள்ளலாம்.

வந்தவரிடம் கேள்வி கேட்பதைவிட, அவரைக் கொட்டகைக்குள் நடக்கவிட்டுப் பார்ப்பது மேல். பழகியவர் குதிரையின் பின்புறமாகப் போகமாட்டார். குரல் கொடுத்துக்கொண்டே இடது தோள் பக்கம் வந்து நிற்பார், கழுத்தில் கை வைத்த பிறகுதான் அடுத்த வேலை. மாட்டுக்காரரானால் முதலில் சாணத்தைப் பார்ப்பார், பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகுதான் மாடு. மடியைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பவர் மடிநோய் கண்டு பழகியவர். “அண்ணே, இந்த மாடு அசை போடலயே, எப்போதிருந்து?” என்று ஒருவர் முதல் நாளே கேட்டால் தேடல் முடிந்தது. ஒரு வாரம் சோதனைக்கு வைக்கலாம். அந்த வாரத்துக்கும் முழுச் சம்பளம் உண்டு. ‘வேலை கத்துக்கிற நாள்’ என்று இலவசமாக வாங்கிக்கொள்வது முறையல்ல.

யாரை வைக்கக் கூடாது என்பதிலும் கறாராக இருக்க வேண்டும். சமூக வருகை அனுமதியில் ஊரிலிருந்து வந்திருக்கும் சொந்தக்காரப் பையன் ‘சும்மா உதவிக்கு’ கொட்டகையில் நின்றாலும், கூலி கைமாறினால் அது சட்டவிரோத வேலை. செல்லுபடியாகும் வேலை அனுமதி இல்லாத ஒருவரை வைத்தால், குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி ஒரு ஆளுக்கு 10,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அகதி அட்டை வைத்திருப்பவருக்கும் முறையான வேலை அனுமதி கிடையாது. இரக்கத்தால் வேலை கொடுப்பவர் அவரையும் சேர்த்துத்தான் ஆபத்தில் மாட்டிவிடுகிறார். முறையாக வந்த வெளிநாட்டுத் தொழிலாளியின் கடப்பிதழை முதலாளி தன் பெட்டியில் பூட்டி வைப்பதும் குற்றம். ‘ஓடிப்போயிடுவான்’ என்ற பயத்துக்கு அது மருந்தல்ல.

தங்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொட்டகையோடு ஒட்டிய அறையில் ஆளைத் தங்கவைக்கும் வழக்கம் இன்னும் பரவலாக இருக்கிறது. இரவில் மாட்டுக்கு ஏதாவது ஆனால் ஆள் பக்கத்திலேயே இருப்பார் என்பது காரணம். அந்த அறைக்குக் கதவும் பூட்டும் சன்னலும் வேண்டும். மெத்தையும், பூட்டக்கூடிய அலமாரியும், தனிக் குளியலறையும், சாணி நாற்றம் எட்டாத சமையலிடமும் வேண்டும். 2018 பிப்ரவரியில் பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமில் ஓர் இந்தோனேசியப் பணிப்பெண் இறந்தபோது, அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நாயோடு படுக்கவைக்கப்பட்டிருந்தார் என்று வந்த செய்தி நாட்டையே உலுக்கியது. விலங்கு கட்டும் இடத்தில் மனிதரைப் படுக்கவைப்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. வேலைச் சட்டத்துக்கு 2023இல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் கட்டாய உழைப்பு தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. தண்டனை ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

உடம்புக்கு வரும் ஆபத்தும் சம்பளப் பேச்சில் ஒரு பகுதிதான். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவருக்கு லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம். நோயுள்ள மாட்டின் நஞ்சுக்கொடியைக் கையுறை இல்லாமல் எடுப்பவருக்குப் புரூசெல்லா காய்ச்சல் வரலாம். 1998, 1999இல் நீப்பா வைரஸ் மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தபோது, முதலில் விழுந்தவர்கள் பன்றிப் பண்ணைகளில் கைகொண்டு வேலை செய்தவர்கள்தான். முழங்கால் வரைக்குமான ரப்பர் பூட்ஸ், கையுறை, இரணஜன்னித் தடுப்பூசி, சோப்பும் ஓடும் தண்ணீரும் முதலாளியின் செலவு. பூட்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு அதைச் சம்பளத்தில் பிடிக்கும் பழக்கம் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும்.

எழுத்து உடன்பாட்டுக்கு இரண்டு பக்கம் போதும். தமிழிலும் மலாயிலும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். எத்தனை விலங்கு, எந்த வேலை, எந்த நேரம், எந்த நாள் ஓய்வு, சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதி என்பவை அதில் வரவேண்டும். பின்னால் மூன்றாவது மாடு வாங்கினால் சம்பளம் எவ்வளவு ஏறும் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். சண்டை அங்கேதான் தொடங்குகிறது. வீட்டுப் பணியாளருக்கும் வாரம் ஒரு நாள் ஓய்வு என்று எழுதுங்கள். ஓய்வு நாளில் மாடு கறக்காமல் இருக்காது. அன்றைக்கு மாற்று ஆள் யார் என்பது முதலாளியின் பொறுப்பு என்றும் அதிலேயே சேர்த்துவிட வேண்டும். முழுத் தொழிலாளியாக முழுநேரம் வேலை செய்தால் முதல் இரண்டாண்டுக்குள் ஆண்டுக்கு எட்டு நாள் விடுப்பும் பதினான்கு நாள் மருத்துவ விடுப்பும் சட்டப்படியே உண்டு. நேரம் கடந்தால் மணிக்கு ஒன்றரை மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. தைப்பூசத்தன்றும் தீபாவளியன்றும் வந்து மாடு கறப்பவருக்கு வீட்டுப் பணியாளர் என்ற பெயரில் அந்தக் கூடுதல் கூலியை மறுக்க வேண்டாம்.

சம்பளத்தை மாதம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கில் போடுவதே பொது விதி. ரொக்கம் வேண்டுமென்றால் தொழிலாளி கேட்டிருக்க வேண்டும். கொட்டகை வேலையில் அட்வான்ஸ் கேட்பது வழக்கம். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்ப, மோட்டார் பழுது என்று வரும். முழுத் தொழிலாளிக்குச் சென்ற மாதச் சம்பளத்தைவிட அதிகமாக முன்பணம் கொடுக்கச் சட்டம் தடை போடுகிறது. அந்தத் தடைக்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, தொழிலாளி தனக்கென்று கால்நடை வாங்குவது. 1955இல் சட்டம் எழுதியவர்களுக்குத் தோட்டத்துத் தமிழர்களின் வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டும். முன்பணத்தை ஒரு சிறிய நோட்டில் இருவரும் கையெழுத்திட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டை வைத்து ஆளை அடிமைப்படுத்தக் கூடாது. கங்காணி காலத்தில் முன்பணம்தான் மனிதரைத் தோட்டத்தோடு கட்டிப்போட்ட கயிறு.

பிரியும் நாளுக்கும் விதி உண்டு. வீட்டுப் பணியாளரை நிறுத்தவும் அவராக விலகவும் 14 நாள் முன்னறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான 14 நாள் சம்பளம். வெளிநாட்டுப் பணியாளர் என்றால், வேலைக்கு வைத்த 30 நாளுக்குள்ளும் விலக்கிய 30 நாளுக்குள்ளும் தொழிலாளர் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். மாடு விற்றாகிவிட்டது, குதிரை செத்துவிட்டது என்பதெல்லாம் முன்னறிவிப்பிலிருந்து விலக்கு தரும் காரணங்கள் அல்ல.

ஏற்கெனவே கொட்டகையில் ஆள் வைத்திருக்கும் வாசகர்கள் இந்த மாதம் முடிவதற்குள் இரண்டு காரியங்களைச் செய்துவிட வேண்டும். ஒன்று, அவரைப் பெர்கேசோவில் பதிவது. 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு முதலாளியின் மாதப் பங்கு சுமார் 29 வெள்ளிதான். மற்றொன்று, இதுவரை வாய்ப்பேச்சாக இருந்ததை அவரோடு உட்கார்ந்து எழுதி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுப்பது.